ரப்பர் புஷ்ஷும் அத்தானின் எம்.ஜி. காரும்

ஒரு காரின் அடியில் இருக்கும் ரப்பர் துண்டுகளுக்காக அப்பாவும் மகனும் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பார்களா என்று யாராவது கேட்டால், என் அக்கா வீட்டைக் காட்டுவேன். இருவரும் தனித்தனியாக எனக்குப் போன் செய்கிறார்கள். "நீயே சொல்லு மச்சான், ஓடுற வண்டியில எதுக்குக் கை வைக்கணும்?" என்கிறார் அத்தான். "மாமா, நீங்க சொன்னாத்தான் அவர் கேப்பார்" என்கிறான் அக்கா மகன். போனில் பாதி பேசுவதற்குள் அக்கா குறுக்கே வந்து பென்ஷன் பேப்பரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுகிறாள். ஆகவே என் தீர்ப்பை முழுசாக எழுதியே வைத்துவிடுகிறேன். வீட்டில் பழைய அம்பாஸடரையோ பழைய ஸ்கூட்டரையோ துணி போர்த்தி வைத்திருக்கிறவர்களுக்கும் இது பயன்படலாம்.

அத்தானுடையது 1962இல் நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம். வயது வந்ததும் பட்டாளத்துக்குப் போனார். ஓய்வு பெற்று, தெற்கு பிரான்சில் ஃப்ரேழுஸ் ஊரிலேயே வீடு வாங்கித் தங்கிவிட்டார். அங்கே 1980களின் தொடக்கத்தில் கைமாறி வாங்கியதுதான் இந்த எம்.ஜி.பி. கார். 1971 மாடல், கரும்பச்சை, கூரையை மடக்கி வைக்கலாம், இரண்டே பேர் உட்காரலாம். இங்கிலாந்தில் ஆபிங்டன் ஊர்த் தொழிற்சாலையில் செய்தது. இந்த மாடல் முதலில் வெளிவந்ததும் அதே 1962இல்தான். 1980இல் தொழிற்சாலையையே மூடும் வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். இப்போது நம் தெருவில் எம்.ஜி. என்று எழுதிக்கொண்டு போகும் பெரிய கார்களுக்கும் இதற்கும் அந்தப் பெயரைத் தவிர உறவு இல்லை. அந்தப் பெயர் இப்போது ஒரு சீனக் கம்பெனியினுடையது.

உறவு என்று பார்த்தால் நம் அம்பாஸடருக்குத்தான் அதிகம். அம்பாஸடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும், எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சினும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பி.எம்.சி. கம்பெனியின் 'பி சீரீஸ்' என்பார்கள். இரண்டுக்கும் பின்பக்கம் ஸ்பிரிங் பட்டைதான். 2016இல் நான் அங்கே போயிருந்தபோது அத்தான் இந்த வண்டியைக் கிளப்பியதும் எனக்குச் சத்தம் பழகின சத்தமாக இருந்தது. நம்ம ஊர்க் கலெக்டர் வண்டி பனியன் போட்டுக்கொண்டு ஓட வந்த மாதிரி இருக்கிறது என்றேன். அத்தானுக்கு அது அவ்வளவாக ரசிக்கவில்லை.

சரி, புஷ்ஷுக்கு வருவோம். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை மேலும் கீழும் ஆட வேண்டும். ஆனால் முன்னும் பின்னும், உள்ளும் வெளியும் நகரக் கூடாது. அந்தக் கை வண்டியோடு சேருகிற மூட்டில் இரும்போடு இரும்பு உரசாமல் இருக்க ஒரு ரப்பர் உருளை வைக்கிறார்கள். அந்தக் காலத்து வண்டிகளில் அங்கே வெண்கல புஷ் இருக்கும், அடிக்கடி கிரீஸ் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ரப்பர் வந்த பிறகு அந்த வேலை ஒழிந்தது. உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்பு வளையம், நடுவே இரண்டோடும் ஒட்டிய ரப்பர். கை ஆடும்போது எதுவும் எதன்மேலும் தேய்வதில்லை. ரப்பரே முறுக்கிக்கொண்டு, பிறகு தன் நிலைக்குத் திரும்புகிறது. பிரெஞ்சில் இதற்கு 'ஸிலாந்த்பிளொக்' என்று பெயர். நம் ஊர் மெக்கானிக்குகள் சைலன்ட் பிளாக் புஷ் என்று சொல்வது இதைத்தான். சத்தம் போடாத கட்டை! நல்ல பெயர். சத்தம் போட ஆரம்பித்தால் அதன் வேலை முடிந்தது என்று பெயரிலேயே இருக்கிறது.

அத்தானின் வண்டியில் முன்பக்கம் கீழ்க்கைகளின் உள்மூட்டில் இருப்பது இதைவிடப் பழைய ரகம். ஒட்டாத ரப்பர், இரண்டு பாதியாக, இரு பக்கமிருந்தும் திணித்து வாஷர் போட்டு இறுக்குவது. ஒரு பக்கத்துக்கு நாலு, ஆக எட்டுத் துண்டு. இவை கடைசியாக எப்போது மாற்றப்பட்டன என்று அத்தானுக்கு நினைவில்லை. அவர் கையில் வந்த பிறகு மாற்றவே இல்லை என்பது மட்டும் நிச்சயம். அப்படியானால் குறைந்தது நாற்பது வருஷத்து ரப்பர். ஒருவேளை ஆபிங்டனில் போட்டதாகவே இருக்கலாம்.

இங்கேதான் சண்டை. அத்தானின் வாதம்: இந்த வண்டியில் இருப்பதெல்லாம் அதோடு பிறந்தது, ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் என் வண்டி எங்கே? மகனின் வாதம் நேர் எதிர். முன்னும் பின்னும் உள்ள அத்தனை ரப்பரையும் பிடுங்கிவிட்டு, பாலியூரித்தேன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் மாதிரியான புஷ்களைப் போட வேண்டும். அது ரப்பர்போல வெடிக்காது, எண்ணெய் பட்டாலும் ஊறாது, வண்டி திருப்பத்தில் கத்தி மாதிரி நிற்கும் என்கிறான். செட்டாகவே விற்கிறார்களாம், சிவப்பிலும் நீலத்திலும். இருவரும் எனக்கு வேண்டியவர்கள். இருவர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை.

முதலில் அத்தானுக்கு. தேய்வதற்கென்றே செய்த பொருளை, அது அதனோடு பிறந்தது என்று பூஜை செய்ய முடியாது. டயரை எத்தனை தடவை மாற்றினீர்கள்? பிரேக் ஷூவை? விசிறி பெல்ட்டை? அப்போதெல்லாம் வண்டியின் ஆன்மா வெளியே போகவில்லையே. ரப்பர் மரத்திலிருந்து வருவது, அதற்கும் வயது உண்டு. காற்றில் உள்ள ஓசோன் அதில் வெடிப்பு விடும், சூடு அதைக் கல்லாக்கும், எண்ணெய் அதை ஊறவைத்துப் பஞ்சாக்கும். பி சீரீஸ் எஞ்சின் எண்ணெய் சொட்டாமல் நின்றதாக நம் ஊரில் யாராவது பார்த்திருக்கிறோமா? அந்தச் சொட்டெல்லாம் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் இந்த ரப்பர்கள் இருக்கின்றன. வண்டி வருஷத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது இதற்குக் கணக்கே இல்லை. கொட்டகையில் சும்மா நின்றாலும் ரப்பருக்கு வயது ஏறும்.

பழமையைத் தொடாமல் வைத்திருப்பதுதான் பழமையைக் காப்பது என்ற எண்ணம் நம் ஊரிலும் உண்டு. கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் என்ன ஆயிற்று? 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது அதே உருவத்தில் புதிதாகக் கட்டியது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பிறப்புச் சான்றிதழுக்கு நான் படியேறிய கட்டடம் அது இல்லை. காலாகாலத்தில் ஓர் உத்திரத்தையும் கொஞ்சம் சுண்ணாம்பையும் மாற்றியிருந்தால் மிச்சச் சுவர் பழைய சுவராகவே நின்றிருக்கும் என்று நினைக்கிறவர்களில் நானும் ஒருவன்.

அரசு வண்டிகளைப் பழுது பார்க்கும் ஒரு பணிமனையில் சில வருஷம் நான் எழுத்தராக இருந்தேன். உதிரிப் பாகம் வாங்கும் ஃபைல் என் மேசைக்குத்தான் வரும். ஒரு ஜீப்புக்குப் பின் ஸ்பிரிங் ஷேக்கிள் புஷ் வேண்டும் என்று ஃபோர்மேன் எழுதிக் கேட்டார். வண்டியை வைத்திருந்த இலாகா, இந்த வருஷம் நிதி இல்லை, ஓடுகிற வரை ஓடட்டும் என்று திருப்பி அனுப்பியது. அடுத்த வருஷமும் அதே. ரப்பர் போனதும் இரும்பு இரும்பைத் தின்றது. முதலில் ஷேக்கிள் பின் தேய்ந்தது, பிறகு அது நுழையும் துளை நீள்வட்டமாயிற்று, கடைசியில் சேஸிஸில் இருக்கும் பிராக்கெட்டையே வெட்டி எடுத்து வெல்டிங் வைக்க வேண்டியதாயிற்று. வண்டி இரண்டு மாதம் படுத்துக் கிடந்தது. புஷ்ஷின் விலை அன்றைக்குப் பத்து ரூபாய்க்குள். தேய்ந்து பாதியான அந்தப் பின்னை ஃபோர்மேன் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் என் ஃபைல் மேல் வைத்துவிட்டுப் போனார். ரொம்ப நாள் பேப்பர் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருந்தேன்.

அத்தானின் வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. உடம்பும் சட்டமும் ஒன்றே. பின் ஸ்பிரிங் பட்டை நேராக உடம்புத் தகட்டில்தான் மாட்டியிருக்கிறது. 1971இன் தகடு, கடலோர ஊர். ரப்பரைக் காப்பாற்றப் போய் எதைப் பலி கொடுக்கிறோம் என்று அவர் யோசிக்க வேண்டும்.

இப்போது அக்கா மகனுக்கு. பாலியூரித்தேன் மோசமான பொருள் என்று நான் சொல்லவில்லை. பந்தயத்தில் ஓட்டுகிறவன் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் அது வேலை செய்கிற விதமே வேறு. ரப்பர் முறுக்கும், இது குழாயின்மேல் சுழலும். சுழல்கிற இடத்தில் கிரீஸ் வேண்டும். கிரீஸ் காய்ந்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் பழைய ஊஞ்சல் மாதிரி கிறீச்சிடும். அதைவிட முக்கியம், ரப்பர் தானே வாங்கிக்கொள்ளும் அதிர்ச்சியை இது உள்ளே அனுப்பிவிடும். அந்த அடி எங்கே போய்ச் சேரும்? ஐம்பது வருஷத்துத் தகட்டுக்கும் அதன் வெல்டிங்குக்கும்தான்.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறோம். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூசினால் கெட்டியாக இருக்கும் என்று பூசினார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. ஈரம் உள்ளேயே நின்று செங்கல் பொரிந்தது. பூச்சு மட்டும் கெட்டியாகத்தான் நின்றது, சுவரைப் பிய்த்துக்கொண்டு மொத்தமாக விழும் வரை. மெல்லியதாக இருக்க வேண்டிய இடத்தில் கெட்டியானதை வைப்பது பழுதுபார்ப்பது ஆகாது தம்பி.

இரண்டாவது, முழு செட்டாக மாற்று என்பது மெக்கானிக்கின் சோம்பேறித்தனம். அவன் சொல்லும் அறிகுறி இது: பிரேக் போட்டால் முன்னால் ஒரு 'டொக்', நேர் ரோட்டில் வண்டி ஒரு பக்கம் மெல்ல அலைகிறது, இடது முன் டயர் ஓர் ஓரமாகத் தேய்கிறது. இதெல்லாம் புஷ்ஷால் வரலாம்தான். ஆனால் அந்த வண்டியில் முன் ஷாக் அப்ஸார்பரின் கைதான் மேல்கையாகவும் வேலை செய்கிறது. அதன் தண்டு தேய்ந்திருந்தாலும் டொக் வரும். கிங்பின்னுக்கு ஒழுங்காகக் கிரீஸ் அடிக்காமல் விட்டாலும் வரும். மேல்கையின் வெளிமுனையில் இன்னொரு ஜோடி ரப்பர் இருக்கிறது, அதிலிருந்தும் வரும். கம்பிச் சக்கரம் போட்ட வண்டி வேறு. அதன் பல் தேய்ந்திருந்தால் பிரேக்கிலும் ரிவர்ஸிலும் இதே சத்தம்தான். எட்டு ரப்பரையும் மாற்றிவிட்டு, செலவும் செய்துவிட்டு, மறுநாள் மறுபடி டொக் என்றால் அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பாய்?

எங்கள் ஃபோர்மேன் புஷ் வேண்டும் என்று எழுதுவதற்கு முன்னால் செய்வது இரண்டே காரியம். சக்கரத்தைத் தரையில் வைத்தபடி டார்ச் அடித்து, நடுக்குழாய் வளையத்தின் மையத்தில் இருக்கிறதா, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஒரு நெம்புகம்பியை மூட்டில் கொடுத்து மெல்ல அழுத்துவார். நல்ல ரப்பர் கொஞ்சம் கொடுத்து, கம்பியை எடுத்ததும் திரும்பி வரும். செத்த ரப்பர் கடக்கென்று நகர்ந்து அங்கேயே நிற்கும். மேலே தெரியும் சின்னச் சின்ன வெடிப்பைப் பார்த்து அவர் பயந்ததில்லை. தோல் சுருக்கம் இல்லாத கிழவன் உண்டா என்பார்.

அக்கா மகனை இதைச் செய்யச் சொன்னேன். செய்து படமும் அனுப்பினான். இடது பக்கம் நடுக்குழாய் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஒதுங்கியிருக்கிறது. கீழே ரப்பர் பிதுங்கி, ஓரம் பிய்ந்து, எண்ணெயில் ஊறிக் கிடக்கிறது. வலது பக்கம் அவ்வளவு இல்லை. ஷாக் அப்ஸார்பர் கையில் ஆட்டம் இல்லை, கிங்பின்னும் சரி.

அத்தான் இன்னொரு துருப்புச் சீட்டு வைத்திருந்தார். பிரான்சில் வண்டிகளுக்கு 'கொன்ட்ரோல் டெக்னிக்' என்ற பரிசோதனை உண்டு. பழங்கால வண்டி என்று தனிப் பதிவு வாங்கியிருந்தால் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை போனால் போதும். 2018லிருந்து குறைகளை மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள்: சிறியது, பெரியது, ஆபத்தானது. பெரியது என்று எழுதினால் இரண்டு மாதத்துக்குள் சரிசெய்து திரும்பக் காட்ட வேண்டும். ஆபத்தானது என்றால் அன்று இரவோடு வண்டியை நிறுத்த வேண்டும். அத்தானின் வண்டிக்குப் போன தடவை முன் புஷ் தேய்மானம் 'சிறியது' என்றுதான் எழுதினார்களாம். "கவர்ன்மென்டே சின்னக் குறைன்னு சொல்லிடுச்சு, இவன் யாரு?" என்கிறார். முப்பத்தைந்து வருஷம் கவர்ன்மென்டில் இருந்தவன் நான். அந்தத் தாளுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு, அந்த மேடையில், அந்த ஆள் பார்த்தது அவ்வளவுதான் என்று அர்த்தம். அடுத்த ஐந்து வருஷத்துக்கு ரப்பர் அந்தத் தாளைப் படித்துவிட்டு அப்படியே நிற்காது.

யார் ஓட்டப் போகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அத்தானுக்கு 81. அவர் ஓட்டினால் மணிக்கு ஐம்பது, ஞாயிற்றுக்கிழமை காலை, கடைத்தெரு வரை. வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவர் கைக்குத் தெரியும், தன்னை அறியாமலே திருத்திக்கொள்வார். இந்தக் கோடையில் ஓட்டப் போவது பேத்தி. இருபத்திரண்டு வயது. தாத்தாவிடம் கேட்டு வாங்கிவிட்டாள். அவள் போக ஆசைப்படுவது எஸ்தெரெல் மலையோரக் கடற்கரைச் சாலை. நான் அதில் போயிருக்கிறேன். ஒரு பக்கம் சிவப்புப் பாறை, மறு பக்கம் கீழே கடல், நடுவில் திருப்பத்துக்கு மேல் திருப்பம். இறக்கத்தில் ஒரு திருப்பத்துக்குள் பிரேக் மிதிக்கும்போது இடது கை ஒரு விரல்கடை நகர்ந்து, வண்டி தானாக ஒரு பக்கம் திரும்பினால், தாத்தாவுக்குப் பழகிய அந்தத் திருத்தம் அவள் கைக்கு எப்படி வரும்? இதை அத்தானிடம் போனில் சொன்னபோது மட்டும்தான் அவர் உடனே பதில் சொல்லவில்லை.

ஆகவே என் முடிவு. முன்பக்கக் கீழ்க்கை புஷ்களை இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். வலது பக்கம் இன்னும் தாங்கும் என்றாலும், ஒரு பக்கம் புதுசும் ஒரு பக்கம் கிழடுமாக முன்சக்கரத்தை விடக் கூடாது. ரப்பரே போட வேண்டும். அதிலும் அதே தொழிற்சாலை 1973லிருந்து இந்த வண்டியின் எட்டு சிலிண்டர் மாடலுக்குப் போட்ட ரகம் கிடைக்கிறது: இரும்பு வளையத்தோடு ஒட்டிய ரப்பர், மொத்தம் நாலே போதும், பழைய கைகளில் அப்படியே பொருந்தும். எட்டுத் துண்டு ரகத்தைவிட இது பல மடங்கு உழைக்கும் என்று இந்த வண்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். "அது என் வண்டி பார்ட் இல்லையே" என்றார் அத்தான். உங்க வண்டியோட தம்பி பார்ட் அத்தான், வெளியே தெரியவும் போவதில்லை. நாலும் சேர்த்துச் சில யூரோதான். கூலிதான் செலவு.

வேலையில் ஒன்றை மட்டும் மெக்கானிக்கிடம் நின்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வண்டியைத் தூக்கி வைத்துச் சக்கரம் தொங்கும்போதே நட்டை இறுக்கிவிடக் கூடாது. தொங்குகிற நிலையில் ரப்பரைப் பிடித்துவிட்டால், வண்டி தரையில் இறங்கிய நிமிஷத்திலிருந்து அது முறுக்கிக்கொண்டே நிற்கும். ஒரு வருஷத்தில் கிழியும். பிறகு புது ரப்பர் தரமில்லை என்று பழி. வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, அதன் இயல்பான உயரத்தில் நிற்க வைத்து, அப்புறம்தான் கடைசி இறுக்கு. நட்டுக்குக் கோட்டர் பின்னும் புதுசு. பிறகு சக்கர அலைன்மென்ட். இதை அவசரத்தில் விட்டுவிடுகிற மெக்கானிக்குகள் இங்கேயும் உண்டு, அங்கேயும் இருப்பார்கள்.

முன்பக்கத்துக்கு அத்தான் சம்மதித்துவிட்டார். நாலு புஷ்ஷுக்குச் சொல்லியாயிற்று. கழற்றுகிற எட்டுத் துண்டையும் தன்னிடமே தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை. பேரேட்டில் பதிந்து வைத்துக்கொள்வார் போலிருக்கிறது. பின் ஸ்பிரிங் பட்டை ரப்பர்களை நெம்புகம்பி வைத்துப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன். அந்தப் படம் இன்னும் வரவில்லை.